ஆராய்தலும் கலத்தலும்

(உபாசக உபாசிகைகளுக்கான தம்மப் பாடம்)

“எம்மதமும் சம்மதம்” என்னும் மொழி நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கப்படுவதாகும். பெருந்தன்மை வாய்ந்த மொழியாகவே அது செவிக்கு இனிக்கிறது. ஆயினும், திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றவர்கள் அம்மொழியைக் கூறும்போது அதன் பொருள் யாது என வினவினால், மூவர் மூன்று விடை பகர்வர். எல்லாச் சமய நூல்களையும் கற்கலாம் என்பதே பொருள் என்பார் ஒருவர். எச்சமயத்தாரையும் பகைத்தல் ஆகாது என்பதே பொருள் என்பார் மற்றொருவர். புத்தர் திருவுருவத்தையும் பிற தெய்வப் படங்களையும் ஒரே மாடத்தில் வைத்து யாவற்றிற்கும் கற்பூரம் காட்டலாம் என்பதே பொருள் என்பார் மூன்றாமவர்.

இம்மூன்றும் ஒன்றல்ல. முதலாவது ஆராய்தல், இரண்டாவது மதித்தல், மூன்றாவது கலத்தல். ஒரே மொழி இம்மூன்றையும் போர்த்தி நிற்பதால், ஆராயவும் மதிக்கவும் விரும்பும் நல்லோர் தம்மை அறியாமலே கலப்பில் போய் விழுகின்றனர். கலப்பை அஞ்சுவோர் சிலரோ, ஆராய்தலையும் மதித்தலையும் கூடக் கைவிட்டுப் பிறரை இகழத் தொடங்குகின்றனர். இவ்விரு தவறும் தம்மத்திற்கு ஊறு செய்வன. ஆகலின், இப்பாடத்தில் இம்மூன்றையும் வெவ்வேறாக எடுத்து ஆராய்வோம்.

1. ஆராய்தல் நம் அறம்

கோசல நாட்டுக் கேசபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர்கள் பகவான் புத்தரிடம் தங்கள் குழப்பத்தை எடுத்துரைத்த வரலாறு அங்குத்தர நிகாயத்தில் காணப்படுகிறது. தங்கள் ஊருக்கு வரும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்தியும் பிறர் கொள்கையைத் தாழ்த்தியும் பேசுகின்றனர். இவர்களுள் யார் சொல் மெய்யென்று தாங்கள் அறிவது எங்ஙனம்? இதுவே அவர்கள் வினா. ஐயுற வேண்டிய இடத்தில்தான் நீங்கள் ஐயுற்றீர்கள் என்று பகவான் அவர்களைப் பாராட்டினார். வழிவழி வந்தது, நூலில் உள்ளது, தருக்கத்திற்குப் பொருந்துவது, கூறுபவர் நம் குரு என்னும் இவை போன்ற காரணங்களால் மட்டுமே எதனையும் ஏற்றல் ஆகாது என்று அறிவுறுத்தினார்.

இவ்வளவோடு நிறுத்திக் கொண்டு, “அவரவர்க்குத் தோன்றியதை அவரவர் கொள்ளலாம் என்று புத்தரே கூறிவிட்டார்” என்பாரும் உளர். சூத்திரம் அங்கே முடியவில்லை. பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றையும் வளர்ப்பது யாதோ அது விலக்கத் தக்கது. அவற்றைத் தேய்ப்பது யாதோ, அறிவுடையோர் புகழ்வது யாதோ, அது கைக்கொள்ளத் தக்கது என்று பகவான் உரைகல்லையும் அவர்கள் கையில் கொடுத்தார். உரைகல் பெற்றவன் பொன்னையும் பித்தளையையும் ஒரே பையில் போடுவதற்காக அதனைப் பெறவில்லை அன்றோ?

நம் தமிழ்மொழியிலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. 30 காதைகளைக் கொண்ட மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகளைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பதின்மரும் தத்தம் கொள்கையை விரித்துரைக்கின்றனர். கண்ணாற் கண்டதன்றி வேறொன்றும் இல்லையென வாதிட்ட பூதவாதியிடம் மட்டும் அவள் ஒரு வினாத் தொடுக்கிறாள்: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தாலன்றி வேறு எதனால் அறிந்தாய்? அதன்பின் அவள் காஞ்சி மாநகர் சென்று, அறவண அடிகளிடம் அளவை இலக்கணத்தையும் சார்புகளின் தோற்றத்தையும் கேட்கிறாள். இறுதிக் காதையில் மும்மணிகளையும் சரணடைகிறாள்.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குக. ஆராய்ச்சி முன்னர், சரணம் பின்னர். பதின்மரிடமும் பதத்துக்கொரு கவளம் எடுத்துப் புதுச் சமயம் ஒன்றை அவள் சமைக்கவில்லை. கேட்டாள், எடைபோட்டாள், ஒன்றைத் தேர்ந்தாள்.

அண்ணல் அம்பேத்கர் சென்ற நெறியும் இதுவே. 1935 அக்டோபர் 13ஆம் நாள் இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என அவர் அறிவித்தார். நாகபுரியில் அவர் தம்மத்தை ஏற்றது 1956 அக்டோபர் 14ஆம் நாள். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் சீக்கியம், இசுலாம், கிறித்தவம் ஆகிய சமயங்களையெல்லாம் அவர் எண்ணிப் பார்த்தார். தம்மத்தை ஏற்ற பின்னரும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் காட்மாண்டு நகரில் நடந்த உலக பௌத்த மாநாட்டில் புத்தரையும் கார்ல் மார்க்சையும் ஒப்பிட்டு உரையாற்றினார். தம்மத்தில் ஊன்றி நின்றுகொண்டு பிற கொள்கைகளை நோக்குவது எப்படி என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டாம்.

2. மதித்தல் நம் கடன்

நாலந்தாவில் உபாலி என்னும் செல்வர் வாழ்ந்தார். அவர் நிகண்ட நாதபுத்தரின் இல்லற மாணாக்கர். தீவினையில் உடலால் செய்வது பெரிதா, உள்ளத்தால் செய்வது பெரிதா என்பது பற்றிப் புத்தரோடு வாதிட வந்தவர், வாதத்தின் முடிவில் தம்மை உபாசகராக ஏற்குமாறு வேண்டினார். பகவான் உடனே மகிழ்ந்து ஏற்றுக்கொண்டாரா? இல்லை. உம்மைப் போன்ற பெயர் பெற்றவர் நன்கு ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும் என்றார். அது மட்டுமன்று. நெடுங்காலமாக நிகண்டர்களுக்கு உம் இல்லம் ஊருணி போல் இருந்து வந்தது. அவர்கள் வரும்போது இனியும் உணவளித்து வாரும் என்றும் கூறினார்.

உபாலி ஒரு சமயத்தை விட்டார். அச்சமயத்தாருக்கு இடும் சோற்றை நிறுத்தவில்லை. கொள்கையில் பிரிவது வேறு, மனிதரை வெறுப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுமோ?

அசோக மன்னர் தம் 12ஆம் பாறைக் கல்வெட்டில் கூறுவதும் இதுவே. தன் சமயத்தின் மேலுள்ள பற்றினால் அதனைப் புகழ்ந்து பிற சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்திற்கே கேடு செய்கிறான் என்றும், நாவடக்கமே நல்லிணக்கத்தின் வேர் என்றும் அவர் பொறித்து வைத்தார். தாம் புத்தரின் உபாசகராக இருந்தும் பராபர் குன்றில் ஆசீவகத் துறவியருக்குக் குகைகளை அளித்தார். நம் நாட்டில் சைவராகிய முதலாம் இராசராச சோழர், சீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே இறையிலியாக வழங்கினார். அசோகர் ஆசீவகர் ஆகிவிடவில்லை. இராசராசர் பௌத்தர் ஆகிவிடவில்லை. தன் நெறியில் நிலைத்து நிற்பவனே பிறர் நெறிக்கு அச்சமின்றி இடமளிக்க வல்லவன் என்பதை இவ்விரு வரலாறுகளும் மெய்ப்பிக்கின்றன.

3. கலத்தல் ஏன் ஆகாது?

கலப்பை ஆதரிப்போர் பெரிதும் எடுத்துக்காட்டுவது யானை கண்ட குருடர் கதை. ஒவ்வொரு சமயமும் உண்மையின் ஒரு பகுதியைத் தொட்டிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் முழு உண்மை கிடைக்கும் என்பது அவர்கள் கருத்து. இக்கதை நம் உதான நூலிலேயே உள்ளது. தலையைத் தொட்டவன் குடம் என்றான். காதைத் தொட்டவன் முறம் என்றான். தந்தத்தைத் தொட்டவன் கொழு என்றான். வாலைத் தொட்டவன் உலக்கை என்றான். பின்னர் ஒருவரையொருவர் குத்திக் கொண்டனர். குடத்தையும் முறத்தையும் கொழுவையும் உலக்கையையும் ஓரிடத்தில் குவித்தால் யானை வந்துவிடுமோ? வீட்டுச் சாமான்களின் குவியல்தான் வரும். அறைகுறைக் காட்சியைப் பற்றிக் கொண்டு சண்டையிடாதீர் என்பதே பகவான் அக்கதையால் உணர்த்தியது. அறைகுறைகளைக் கூட்டினால் நிறைவு வரும் என்று அவர் எங்கும் உணர்த்தவில்லை.

கொள்கைகளும் அவ்வாறே. படைத்துக் காத்து அழிக்கும் இறைவன் ஒருவன் உளன் என்பது ஒரு கொள்கை. யாவும் காரண காரியத் தொடர்பால் தோன்றி மறைவன என்பது தம்மம். நேர்த்திக் கடனால் வினை தீரும் என்பது ஒரு கொள்கை. தான் செய்த வினைக்குத் தானே உரியவன் என்பது தம்மம். பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டென்பது ஒரு கொள்கை. செயலால்தான் ஒருவன் உயர்ந்தோனும் இழிந்தோனும் ஆகிறான் என்பது தம்மம். இவற்றுள் இரண்டையும் ஒருங்கே நம்புவோர் உண்மையில் எதனையும் நம்புவதில்லை. இடர் வந்துற்ற நாளில் எதனைப் பற்றுவது என்றறியாமல், இரு தோணியில் கால் வைத்தவர்போல நடுவாற்றில் வீழ்வர்.

இனி வரலாற்றை நோக்குவோம். தமிழகத்தில் பௌத்தம் மறைந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கலப்பும் ஒன்று. புத்தர் திருமாலின் அவதாரம் என்று புராணங்கள் கூறின. அதனைக் கேட்டவர்களுக்குத் தனியே விகாரைக்குச் செல்லும் தேவை இல்லாது போயிற்று. புத்தர் திருவுருவங்கள் பல ஊர்களில் வேற்றுப் பெயர் பெற்றன. மயிலை சீனி. வேங்கடசாமியார் 1940இல் வெளியிட்ட “பௌத்தமும் தமிழும்” என்னும் நூலில் இத்தகைய மாற்றங்கள் பலவற்றைத் தொகுத்துரைத்தார்.

நம் காலத்திலேயே இதற்கு ஒரு சான்று கிடைத்தது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரால் வழிபடப்பட்டு வந்த சிலையைத் தொல்லியல் துறையினர் ஆய்ந்தனர். தாமரை இருக்கை, தியான முத்திரை, சுருள்முடி ஆகிய அடையாளங்களைக் கொண்டு அது புத்தர் சிலையே எனத் தெரிவித்தனர். 2022 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்று, அது புத்தர் சிலை எனத் தீர்ப்பளித்தது. அங்கே வழிபட்ட எளிய மக்கள் மீது குற்றம் யாதும் இல்லை. அவர்கள் பெற்றோர் காட்டியதை அவர்கள் வணங்கினர். ஆயினும் அன்பு, அகிம்சை, அறிவு என்பவற்றைப் போதித்த ஒருவரின் உருவம் அவர் பெயரே அறியாதோர் நடுவில் நின்றிருந்தது. கலப்பின் முடிவு இதுவாம். உருவம் எஞ்சும், உரை மறையும்.

இவ்விடத்தில் வாசகர் ஒரு தடை எழுப்பக்கூடும். இலங்கையில் விகாரை வளாகத்திலேயே விஷ்ணுவுக்கும் கதிர்காமத் தெய்வத்துக்கும் கோயில்கள் உள்ளனவே? பர்மாவில் நட் என்னும் ஆவிகளுக்குப் படையல் இடுகின்றனரே? அங்கெல்லாம் பௌத்தம் அழியவில்லையே என்பர். தக்க வினாவே. பாலி நூல்களிலும் தேவர்கள் வருகின்றனர். ஆயின் அவர்களும் பிறந்து இறப்பவர்கள். புத்தரிடம் தம்மம் கேட்க வருபவர்கள். சரணடையத் தக்கவர்கள் அல்லர். அந்நாடுகளில் சங்கம் வலுவுடன் விளங்குகிறது. மக்களுட் பெரும்பாலோர் பௌத்தர். சிறு தெய்வங்கள் அங்கே தம்மத்தின் நிழலில் நிற்கின்றன. கடலில் ஓர் ஓடை கலந்தால் ஓடை கடலாகும். நாம் இந்நாட்டில் ஓடையாக இருக்கிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி இந்திய மக்களுள் பௌத்தர் 100க்கு ஒருவர் கூட இல்லை. நாம் கலந்தால் யார் யாரில் மறைவர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

மற்றொரு வேற்றுமையும் உண்டு. நம் முன்னோர் விட்டு வந்த வழிபாடுகள் வருணத்தோடு பின்னிக் கிடந்தவை. எந்தத் தெய்வத்தின் பெயரால் நம் பாட்டனார் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டாரோ, அத்தெய்வத்தை உள்ளே அழைத்தால் அவ்வாயிற்காவலும் உடன் வரும். நாகபுரியில் அண்ணல் அளித்த 22 உறுதிமொழிகளுள் முதல் எட்டும் விலக்குகளாக அமைந்ததன் காரணம் இதுவே. புத்தரைத் திருமாலின் அவதாரமாகக் கொள்ளேன் என்பது அவற்றுள் ஐந்தாவது. கலப்பு எவ்வழியாக உட்புகும் என்பதை அவர் நன்கு அறிந்து ஒவ்வொரு கதவையும் அடைத்தார்.

4. பழைய வழக்கங்களை யாது செய்வது?

அங்ஙனமாயின், பிறந்தது முதல் பழகிய யாவற்றையும் ஒரே நாளில் களைந்தெறிதல் வேண்டுமோ? பகவான் காட்டிய வழி அதனினும் நுண்ணியது. இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன் நனைந்த ஆடையும் நனைந்த கூந்தலுமாக ஆறு திசைகளையும் தொழுதுகொண்டு நின்றான். தந்தை இறக்கும்போது இட்ட கட்டளை அது. பகவான் அவனை எள்ளவில்லை. அந்த ஆறு திசைகளுக்கும் புதுப்பொருள் அளித்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை வேலையாட்கள், மேல்திசை துறவியர். இவர்களுக்குரிய கடமைகளை ஆற்றுவதே திசை வணக்கம் என்றார். தந்தை சொல்லும் நின்றது, மூடப்பொருளும் நீங்கிற்று.

பண்டிதர் அயோத்திதாசரும் இம்முறையைக் கையாண்டார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அவர், 1907இல் தாம் தொடங்கிய “ஒரு பைசாத் தமிழன்” இதழில் நம் பண்டிகைகளுக்குப் பௌத்த விளக்கம் எழுதி வந்தார். தீபாவளியை எள்ளின் நெய்யைக் கண்டறிந்து பயன்கொண்ட நாளாக உரைத்தார். அவ்விளக்கங்களை வரலாற்றுச் சான்று கொண்டு நிறுவுதல் தனி ஆராய்ச்சி. வழக்கத்தை அப்படியே விழுங்காமலும் அடியோடு உமிழாமலும் அதன் பொருளைக் கேட்ட அவர்தம் முறையே இங்கு நமக்கு வேண்டுவது.

ஒரு வழக்கம் நம் முன் வரும்போது மூன்று வினாக்களைக் கேட்போமாக. முதலாவது, வினையை விட்டுப் புறத்தே ஓர் ஆற்றல் வந்து நமக்குப் பயன் தரும் என்னும் நம்பிக்கை இதில் உண்டா? இரண்டாவது, பஞ்சசீலத்துள் ஒன்றேனும் இதனால் கெடுகிறதா? மூன்றாவது, பிறப்பினால் ஒருவரை உயர்த்துவதோ தாழ்த்துவதோ இதில் உண்டா? மூன்றிற்கும் இல்லை என்பதே விடையாயின், அது நாட்டு வழக்கம், நமக்கும் உரியது. ஒன்றிற்கேனும் ஆம் என்பது விடையாயின், திருத்திக் கொள்ளக் கூடுமா எனப் பார்த்தல் வேண்டும். கூடாதாயின் விடுதல் வேண்டும்.

பொங்கலை எடுத்துக்கொள்வோம். உழைப்பின் பயனை உற்றாரோடு பகிர்ந்துண்பது அது, கொள்ளத் தக்கதே. வாசலில் கோலமிடுதலும் புத்தாடை உடுத்தலும் மொழியும் மண்ணும் தந்த அழகுகள். கோயில் கொடையில் ஆடு கோழி பலியிடுதலும் கள் வைத்துப் படைத்தலும் முதற்சீலத்தையும் ஐந்தாம் சீலத்தையும் கெடுப்பன, ஆகா.

திருமணத்திற்கு நாளும் கோளும் பார்ப்பது குறித்து நக்கத்த சாதகம் ஒரு கதை சொல்கிறது. நாள் குறித்துப் பெண் கேட்ட வீட்டார், தம் குலத்து ஆசீவகத் துறவி அந்நாள் நன்றன்று எனவே செல்லாது நின்றனர். பெண் வீட்டாரோ காத்திருந்து சலித்து, அந்நாளிலேயே அவளை வேறொருவனுக்கு மணம் முடித்துவிட்டனர். மறுநாள் வந்தவர்களுக்கு வீண் சண்டையே எஞ்சியது. விண்மீன் யாது செய்யும் என அவ்வூர் அறிவாளி ஒருவர் வினவியதாகக் கதை முடிகிறது. இராகு காலத்திற்கு அஞ்சி நற்செயலை ஒத்திவைப்போர் இதனை எண்ணுதல் நன்று.

இறந்த பெற்றோர்க்கு யாது செய்வது என்பதே பலர் உள்ளத்தை வருத்தும் வினா. திதியும் பிண்டமும் விலக்கப்பட்டன. ஆயின், தாயின் நினைவுநாள் வெறுநாளாகவே கழிய வேண்டுமோ என்று நம் சகோதரிகள் கேட்கின்றனர். சிகாலனுக்குக் கூறிய மக்கட் கடமைகள் ஐந்தனுள், மறைந்த பெற்றோரை எண்ணித் தானம் அளித்தலும் ஒன்று. அந்நாளில் திரிசரணம் ஓதிச் சீலம் ஏற்று, பிக்குகளுக்கோ ஏழைகளுக்கோ உணவளித்து, அப்புண்ணியத்தைத் தாயின் பெயரால் எல்லா உயிர்க்கும் பகிர்ந்தளிக்கலாம். மாணவன் ஒருவனுக்கு நூல் வாங்கித் தரலாம். இதற்கு இடைத்தரகரும் வேண்டா, கூலியும் வேண்டா.

5. ஒரே இல்லத்தில் பல நெறிகள்

நம் சங்கங்களில் உள்ள குடும்பங்கள் பலவற்றில் மகன் பௌத்தன்; தாய் மாரியம்மனை வணங்குபவர்; தங்கை கிறித்தவ இல்லத்தில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே தம்மம் சோதனைக்கு உள்ளாகிறது. தாயின் விளக்கை அணைப்பது உறுதிமொழியைக் காப்பது ஆகாது. உறுதிமொழி ஏற்றவன் மகன், தாயல்லள். உபாலியைப் போலப் பழைய அன்பில் குறைவின்றி நடந்துகொண்டு, தன் வணக்கத்தைத் தான் தூய்மையாகச் செய்து வரட்டும். கோயிலுக்குத் தாயைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது மகன் கடமை. அங்கே நேர்த்திக் கடன் செலுத்துவது அவன் கடமையன்று. தங்கையின் இல்லத்துத் திருநாளில் விருந்துண்பது உறவு. அங்கே தன் சரணத்தை மாற்றிக் கொள்வது உறவாகாது.

பிள்ளைகளுக்கோ தெளிவு வேண்டும். ஒரே மாடத்தில் பத்து உருவங்களைக் காணும் குழந்தை, புத்தரும் வரம் கொடுக்கும் சாமிகளுள் ஒருவர் என்றே எண்ணும். தேர்வில் தேறினால் புத்தருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொள்ளும். அவர் வழிகாட்டி, வரமளிப்பவர் அல்லர் என்பதைச் சொல்லால் மட்டுமன்றி வீட்டின் அமைப்பாலும் அக்குழந்தைக்கு உணர்த்துதல் வேண்டும். புத்தர் திருவுருவத்திற்குத் தனியிடம் அமைத்தலும், நாள்தோறும் சிறிது நேரம் குடும்பத்தோடு அமர்ந்து சீலம் ஓதுதலும் இதற்குப் போதுமானவை.

அரசாங்கப் பதிவேட்டிலும் இத்தெளிவு வேண்டும். 1951இல் இந்தியாவில் ஏறத்தாழ 2 லட்சமாக எண்ணப்பட்ட பௌத்தர் 1961இல் 32 லட்சத்திற்கு மேல் ஆயினர். மக்கள் தம் சமயத்தை அஞ்சாது எழுதியதன் விளைவு அது. சலுகைகள் போய்விடுமே என்ற அச்சத்தால் பழைய பெயரையே எழுதியோரும் பலர். பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகள் பௌத்தர்க்கும் உண்டென 1990இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே ஞாயிறுதோறும் விகாரையில் ஒரு பெயரும் கணக்கெடுப்பாளர் வரும்போது வேறொரு பெயரும் கூறுதல் கலப்பின் மற்றொரு வடிவமே. நான்காம் சீலத்திற்கும் அது பொருந்தாது.

6. முடிவுரை

எல்லா நூல்களையும் கற்போம்; கற்பதற்கு அஞ்சுவது அறியாமை. எல்லா மக்களையும் மதிப்போம், மதியாமை வெறுப்பு. சரணம் ஒன்றில் நிற்போம். பலவற்றில் நிற்க முயல்வது மயக்கம். வெறுப்பும் மயக்கமும் நீங்கிய உள்ளத்தில்தான் மைத்திரி வேரூன்றும். மணிமேகலை பதின்மரையும் கேட்டாள், எவரையும் வைதாளில்லை, முடிவில் மும்மணியை வணங்கினாள். நமக்கு அவ்வழியே வழியாகுக.

ஞாயிறு வகுப்புக்குரிய வினாக்கள்

1. ஆராய்தல், மதித்தல், கலத்தல் ஆகிய மூன்றின் வேறுபாட்டை உங்கள் இல்ல வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டித் தனித்தனியே விளக்குக.

2. காலாமர்க்குப் பகவான் அளித்த உரைகல் யாது? அதனைக் கூறாது விட்டால் அச்சூத்திரத்தின் பொருள் எவ்வாறு திரியும்?

3. உபாலிக்கும் சிகாலனுக்கும் பகவான் கூறிய அறிவுரைகளை ஒப்பிடுக.

4. உங்கள் குடும்பத்தில் நிகழும் ஏதேனும் ஒரு சடங்கை இப்பாடத்தின் மூன்று வினாக்களால் சோதித்து, கொள்ளத் தக்கதா, திருத்தத் தக்கதா, விடத் தக்கதா என முடிவு கூறுக. அம்முடிவை வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் மனம் நோகாவண்ணம் எடுத்துரைப்பது எங்ஙனம் என்பதையும் எழுதுக.